ஒரு பெண் குறைகிறது

படுக்கையில் கிடந்த அவளுடைய அம்மாவைப் பதினான்கு மாதம் வீட்டு நர்ஸாக நான் பார்த்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு அவள் கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் தேய்க்கப் போவாள். மாலை ஆறரைக்குத் திரும்புவாள். இடைப்பட்ட நேரம் என் பொறுப்பு. அம்மா இறந்த மறுவாரம் வாடகைக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த இடத்தில் அவள் வேறெதையும் வைக்கவில்லை.

நாற்பத்திரண்டு வயது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. கல்யாணப் பேச்சு அம்மாவின் நோயோடு நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எதிரே காலி நாற்காலி கண்ணில் படுகிறதாம். நாள் முழுக்கக் கடையிலும் நிற்கிறாய், இப்படியே போனால் கால் வீங்கும், நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போ என்றேன்.

அடுத்த மாதமே அவள் கடையில் ஃப்ரேம் மாட்டுகிறவன் வந்து கேட்டான். வியாழக்கிழமை மாலைகளில் உள்ளரங்கத்தில் ஃபுட்பால் ஆடும் ஒரு குழுவுக்கு அவன் கேப்டன். ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் பொழுதுபோக்கு ஆட்டம். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். எந்நேரமும் இரண்டு பெண்களாவது களத்தில் இருக்க வேண்டும். இல்லாத நேரத்தில் போட்ட கோல் செல்லாது. அவர்களிடம் இருந்த ஒரே பெண் கோல் காப்பவள். இன்னொரு பெண் குறைந்தது.

பந்தைக் காலால் தொட்டதே இல்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

"தொட வேணாம்க்கா. வந்து நின்னாப் போதும்."

அந்த அரங்கில் ஐஸ் பையும் கட்டுத்துணியுமாக முதலுதவிக்கு உட்காருகிறவள் நான். அதனால் அவள் நின்றதை வாராவாரம் பார்த்தேன். இடது மூலையில் நிறுத்தியிருந்தார்கள். பந்து அந்தப் பக்கம் வராது. ஆண்களுக்கு மாற்று ஆள் இருந்ததால் மாறி மாறி வந்து தண்ணீர் குடித்தார்கள். இவளுக்கு மாற்று இல்லை. நாற்பது நிமிடமும் நிற்க வேண்டும். தூண் என்று பெயர் வைத்தார்கள். சின்னவர்கள் மரியாதையாகத் தூணக்கா என்றார்கள். ஆட்டம் முடிந்து கும்பலாகச் சாப்பிடப் போவார்கள். அவளை வரவேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. என்னோடு பஸ் ஏறுவாள்.

ஆட்ட விதிகள் அச்சிட்ட தாள் நான்கு பக்கம். மற்றவர்கள் அதில் கையெழுத்துப் போட்டார்கள், இவள் படித்தாள். வீட்டில் ஃப்ரிஜ் கதவில் ஒட்டியும் வைத்தாள். பந்து களத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் பட்டுத் திரும்பினால் ஆடலாம், கூரையில் பட்டால் எதிரணிக்கு. சறுக்கிப் போய்ப் பந்தைப் பறிக்கக் கூடாது. ஆள் மாற நடுவரைக் கேட்க வேண்டாம், ஆனால் உள்ளே இருப்பவர் கதவைத் தாண்டிய பிறகே வெளியில் இருப்பவர் நுழையலாம்.

ஒருமுறை காய்ச்சலோடு வந்தாள். திட்டினேன்.

"நான் போகலன்னா கோல் போட்டாலும் செல்லாதும்மா" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை வேறெதற்கும் நான் பார்த்ததில்லை.

சீசனின் கடைசி ஆட்டத்துக்குக் கேப்டன் தன் கொழுந்தியாளை அழைத்து வந்தான். துடிப்பான பெண், இரண்டு காலாலும் உதைத்தாள். தூண் முதல்முறையாக பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவீர்களா என்று கேட்டிருக்கிறாள். பார்க்கலாம்க்கா என்றானாம். ஆட்டம் முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

இரண்டுக்கு இரண்டு. மூன்று நிமிடம் மிச்சம். கொழுந்தியாளுக்கு ஆடுசதை பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தாள். நான் அவள் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தேன். தூண் எழுந்து கதவில் கை வைத்தாள். அவளை இடித்துத் தள்ளாத குறையாக, மாற்று ஆளாக உட்கார்ந்திருந்த ஓர் அச்சகத்துக்காரன் உள்ளே ஓடினான். அவசரத்தில் யாரும் எண்ணவில்லை. அவன்தான் கோல் போட்டான். கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

உள்ளே ஒரே பெண்தான் இருந்தாள் என்று எதிரணி நடுவரிடம் போனது. அவர் கவனித்திருக்கவில்லை.

"ரெண்டு பேர் இருந்தாங்க சார்" என்றான் கேப்டன். "தூணக்கா மூலையிலதான் நின்னாங்க. அவங்க நிக்கிறது யார் கண்ணுக்கும் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள், எதிரணியும் சேர்ந்து. அப்படியும் இருக்கலாம் என்று நடுவரே நம்பிவிட்டார் போலிருந்தது. இருந்தாலும் அவளிடம் வந்து, கோல் விழுந்தபோது உள்ளே இருந்தீர்களா என்று கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் கேப்டன், ஆமா என்று சொல்லும்படி தலையை ஆட்டிக் காட்டினான். அடுத்த சீசன் அந்தத் தலையாட்டலில் இருந்தது. எனக்கே தெரிந்தது, அவளுக்கா தெரியாது?

"இல்ல சார். நான் இந்த அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன்."

கோல் செல்லவில்லை. ஆட்டம் சமன். கேப்டன் கைப்பட்டையைக் கழற்றி பெஞ்சில் அடித்தான்.

"ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லியிருந்தா என்னக்கா கொறஞ்சிருக்கும்?"

"முப்பது வாரம் உள்ள நின்னேன் தம்பி. அப்பல்லாம் நான் இருந்தேன்னு ஒருத்தரும் சொல்லல. இல்லாத அன்னைக்கு மட்டும் இருந்தேன்னு சொல்லச் சொல்றீங்க."

கொழுந்தியாளிடம் வீட்டில் ஐஸ் வைக்கச் சொல்லிவிட்டு நான் பையை மூடினேன். அன்றும் அவள் என்னோடுதான் பஸ் ஏறினாள்.

புதிய சீசனுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. கடையில் ஃப்ரேம்காரன் வேலை விஷயம் மட்டும் பேசுகிறான். போன மாதம் அரங்கின் அலுவலகத்துக்கு அவளே வந்தாள். குழு இல்லாமல் தனியாகப் பெயர் கொடுக்க ஒரு படிவம் உண்டு. ஆள் குறைகிற குழு அதிலிருந்து கூப்பிடும். எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்ற கேள்விக்கு, வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினாள்: மூலை தவிர எங்கும்.

நாலு வாரம் ஆகிறது, அழைப்பு வரவில்லை. வியாழக்கிழமைகளில் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள்.