டவுன் ரோட்டு டயர்

மனைவிக்கு எட்டாம் மாதம். பிரஷர் கூடியிருக்கிறது, பதுளைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு கிளினிக்கைக்கூடத் தவறவிடக் கூடாது என்று மருத்துவிச்சி கண்டித்துச் சொல்லியிருந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பசறை மெயின் ரோட்டுக்கு ஏற இரண்டு மைல் கல் ரோடு. என் ஆட்டோவின் பின் டயர் இரண்டும் மொட்டையாகிக் கிடந்தன. வியாழக்கிழமை கிளினிக். திங்கள் இரவு முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செவ்வாய் விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

பசறையில் முதல் கடை. முதலாளி போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “எந்தத் தோட்டம்?” என்றார். சொன்னேன். உள்ளே போய், வெயிலில் வெடிப்பு விட்ட இரண்டு டயரைக் கொண்டுவந்து போட்டார்.

“தோட்டத்துக்கு இது போதுங்க.”

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. “உங்க வண்டிக்கு இதப் போடுவீங்களா?” என்று கேட்டேன். “வேணும்னா எடுங்க” என்று மறுபடி போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பதுளையில் இரண்டாவது கடை, கண்ணாடிக் கதவு போட்டது. அங்கேயும் அதே கேள்வி, அதே பதில். நாற்காலியைக் காட்டினார்கள். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வந்த ஜீப்புக்கு நாலு பேர் ஓடினார்கள். எழுந்து கேட்டதற்கு, “கொஞ்சம் பொறுங்க, தொர வந்திருக்கார்” என்றான் ஒருவன். எங்கள் தோட்டத்து மேனேஜர் துரைகூட இல்லை, எந்தத் தோட்டத்துத் துரையோ! அடச்சீ என்று வெளியே வந்துவிட்டேன். இனி எந்தக் கடையிலும் தோட்டம் என்ற சொல் என் வாயில் வராது என்று ரோட்டில் நின்றே முடிவு கட்டினேன்.

மூன்றாவது கடை பஜாரில். தொப்பி போட்ட முதலாளி எழுந்தே வந்தார். “வாங்க மகன், இரிங்க” என்று பிளேன்டீ சொன்னார். என் பழைய டயரைக் குனிந்து தடவிப் பார்த்தார்.

“எந்த ரோட்டுல ஓட்டுறீங்க மகன்?”

“டவுன்லதான்.”

“கல்லுல தேஞ்ச மாதிரி இருக்கே. தோட்டப் பக்கம் போறதில்லையா?”

“இல்லைங்க. வீடே டவுன்லதான்.”

மனுஷன் இரண்டு தடவை கேட்டார். வழவழவென்று தார் போட்ட கார்பெட் ரோட்டுக்கு நன்றாக உருளும் என்று, நேர்கோடு மட்டும் போட்ட, வெட்டு ஆழமில்லாத டயர் இரண்டை எடுத்தார். கூடவே நின்று மாட்டவைத்தார், காற்றையும் தானே பார்த்தார். அப்படியொரு மரியாதை எனக்கு எந்தக் கடையிலும் கிடைத்ததில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வந்தேன், மடையன்.

வியாழன் காலை நல்ல மழை. இரண்டாவது வளைவில் பின் சக்கரம் ஈரக் கல்லில் சும்மா சுற்றியது. கியரை மாற்றினேன், கத்தினேன், ஹேண்டிலைக் குத்தினேன். வண்டி பின்னுக்கு வழுக்கி, ஒரு சக்கரம் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கி நின்றது. அவள் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“புது டயர்தானே?” என்றாள்.

அவளைக் கைபிடித்து இறக்கினேன். ஆட்டோவை அப்படியே விட்டுவிட்டு, குடையை அவளுக்குப் பிடித்தபடி மேட்டில் நடத்தினேன். மேலே போனால் பஸ் கிடைக்கும். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கி, மூன்று கடைக்காரர்களையும் திட்டித் தீர்த்தேன். திட்டுகிற வேகத்தில் உண்மையும் வந்துவிட்டது.

“தோட்டம்னா ஒரு பய மதிக்க மாட்டேங்கிறான். அதான் வீடு டவுன்லன்னு சொன்னேன். அதுக்கேத்த டயரக் குடுத்துட்டாரு.”

இதே தோட்டத்தில் பிறந்து, போன மாதம் வரை இதே மலையில் கொழுந்து பறித்தவள் அவள். அடுத்த வளைவு வரை நடந்தாள். பிறகு நின்று, முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“அப்ப நானும் புள்ளையும் எங்க இருக்கோம்னு சொன்னீங்க?”