ஒரு வார்த்தை தேடி மரக்காணம் உப்பளம் வரை

2006 மார்ச்சில் மரக்காணம் போனதற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். ஆசிரியர் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மாணவர் பாடத்தை உள்ளே எடுத்துக்கொள்வதைப் பற்றிய வரி அது. மூன்று மாதமாக மூன்று விதமாக எழுதினேன், மூன்றையும் பதிப்பாசிரியர் மேடம் திருப்பிவிட்டார். திங்கட்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் வேலை வேறொருவருக்காம். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

ஆங்கிலக்காரர்கள் கருத்தைச் செரிக்கிறார்கள். ஜெர்மானியர்கள் பற்றிப் பிடிக்கிறார்கள். இந்தியில் தொண்டைக்குள் இறங்குகிறது, தெலுங்கில் உடம்பில் ஒட்டுகிறது. நமக்கு மட்டும் 'கிரகித்தல்'. சொல்லும்போதே கொட்டாவி வருகிறது. சனிக்கிழமை அகராதியை மூடிவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினேன்.

புதுச்சேரியில் காலை 5.30 மணி பஸ், சுமார் 35 கிலோமீட்டர், டிக்கெட் பதினான்கு ரூபாய். அனுமந்தை தாண்டி, 6.40க்கு இறங்கினேன்.

உப்பளத்தில் அமுதா என்ற தொழிலாளி, நீளக் கழி மாட்டிய பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார். நானும் வாரட்டுமா என்றேன்.

"அமுக்காதீங்க சார். மேலாக்க இழுக்கணும்."

"புரிஞ்சுடுச்சுங்க" என்று இழுத்தேன். உப்போடு சேறும் வந்தது.

"ஐயோ, எல்லாத்தையும் கருப்பாக்கிட்டீங்களே! புரிஞ்சுடுச்சுன்னீங்க?"

"புரிஞ்சுதுங்க..."

"புரிஞ்சா போதுமா? கை வரணும். இங்க புது ஆளுங்க யாரும் மொதல்ல உப்புல கை வெக்க மாட்டாங்க. வெறும் தண்ணிய வாருங்க. கலங்காம வந்தா கூப்பிடுங்க."

பக்கத்துப் பாத்தியில் உப்பே இல்லாத தண்ணீரை இரண்டு மணி நேரம் வாரினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். முதுகு விண்டுபோனது. 9.10க்குப் பலகை போன பிறகும் தண்ணீர் தெளிவாக நின்றது. அமுதா எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வரிசை உப்பைக் காட்டினார். வாரினேன். வெள்ளை வெளேர் என்று வந்தது சார்! கத்தியே விட்டேன்.

பஸ் ஸ்டாண்ட் பூத்திலிருந்து மேடத்துக்குப் போன் போட்டேன். "எழுதிக்கோங்க: பாடம் மாணவருக்குக் கைவர வேண்டும்."

"இதுக்கா மூணு மாசம்? வேலைய நீங்களே முடிங்க" என்றார்.

போகிறவர்கள் ஏழு மணிக்குள் போய்விடுங்கள், பத்துக்கு மேல் வெயில் தாங்காது. தண்ணீர் இரண்டு பாட்டில் வேண்டும். செருப்பை வரப்பில் கழற்றுங்கள். உப்பு வாரக் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் புரிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நேராகத் தண்ணீர்ப் பாத்தியில் இறங்குங்கள்.