கிரானைட் தரையில் ஆறு மிளகாய்ச் செடிகள்

சரவணம்பட்டியில் வீடு கட்டியபோது நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. தரைக்குக் கிரானைட்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். "டைல்ஸே போதுமுங்க, இது குளிர் காலத்துல காலை இழுக்கும்" என்று மனைவி சொன்னாள். புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் தரையில் முகம் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு மார்கழியிலும் அவள் வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடப்பாள். அந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலே என்னைக் குத்திக்காட்டத்தான் நடக்கிறாள் என்று எரிச்சல் வரும்.

எங்களுக்கு ஒரே மகள். விவசாயப் படிப்பு முடித்தவள். தன் அறையில் கட்டிலை ஓரம் தள்ளிவிட்டு ஒரு கூடாரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆள் உயரம், வெளியே கறுப்புத் துணி, உள்ளே வெள்ளிக் காகிதம் ஒட்டியதுபோல் பளபளப்பு, முன்னால் ஒரு ஜிப். மேலே எல்.இ.டி. விளக்கு, ஓரத்தில் சின்ன ஃபேன். அதற்குள் ஆறு தொட்டிகளில் மிளகாய். இரண்டு ரகங்களைச் சேர்த்து அவளே உருவாக்கிய செடிகள். மொட்டை மாடியில் வைத்தபோது மயில்கள் வந்து குருத்தையெல்லாம் கொத்திவிட்டுப் போயின. அதனால்தான் இந்தக் கூடாரம்.

"வெயில் சும்மா கிடக்கிற ஊர்ல லைட்டைப் போட்டுச் செடி வளர்த்தறவ நீ ஒருத்திதான் கண்ணு" என்று கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். மேல்படிப்புக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்தபோதுதான் சிரிப்பு நின்றது. போகவேண்டாம் என்றேன். காரணம் கேட்டாள். பிரிந்து இருக்க முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அந்தக் குளுருல பத்து நாள் தாங்க மாட்டே. பெட்டியைத் தூக்கிட்டுத் திரும்பி வந்து நிப்பே, பாரு" என்று சொல்லிவிட்டேன். புரட்டாசியில் கிளம்பினாள். விமான நிலையத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதவள், என்னிடம் "செடியைப் பாத்துக்குங்கப்பா. அந்த விதை எனக்கு வேணும்" என்று மட்டும் சொன்னாள்.

தினமும் மதியம் எங்கள் சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிடுவாள். அம்மாவிடம் அரைமணி நேரம், என்னிடம் ஒரு நிமிடம்.

"செடி எப்படிங்கப்பா இருக்குது?"

"நல்லா இருக்குது."

"தண்ணி?"

"ஊத்தியாச்சு."

"சரிங்கப்பா, வெச்சரட்டுங்களா?"

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காக நான் பதினோரு மணியிலிருந்தே போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். செடிகள் இல்லாவிட்டால் அவள் என்னிடம் பேச எதுவுமே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஓய்வுபெற்ற மனுஷன் நான், மோட்டார் கம்பெனியில் முப்பது வருஷம் ஆட்களை அதட்டியவன். காலையும் மாலையும் அந்த ஜிப்பைத் திறந்து ஆறு செடிகளின் முன்னால் பயபக்தியோடு நின்றேன்.

மார்கழி பிறந்ததும் கீழ் இலைகள் மஞ்சளாகின. பிறகு எல்லாமே தலை தொங்கின. கூடாரத்தின் மேல்கம்பியில் மகள் மாட்டியிருந்த வெப்பமானி இருபத்தாறு காட்டியது. குளிர் இல்லை, விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது. அப்படியென்றால் தண்ணீர்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. கோயமுத்தூர்க்காரன் புத்தி வேறு எங்கே போகும்? சிறுவாணித் தண்ணீர் ஊற்றினால் பட்ட மரமும் தழைக்கும் என்று நம்புகிற கூட்டம் நாங்கள். வடவள்ளியில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போய் இரண்டு கேன் பிடித்துவந்தேன். ஊரைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்காக வந்து நின்ற என்னைப் பார்த்து மச்சான் ஒன்றும் கேட்கவில்லை. "காப்பி சாப்பிட்டுப் போங்க" என்றார். கேன்களைக் கிரானைட் தரையில் வைத்து, தினமும் விடிந்ததும் விடியாததுமாக ஆளுக்கு ஒரு சொம்பு என்று ஊற்றினேன். செடிகள் இன்னும் தொங்கின. நான் இன்னும் ஊற்றினேன்.

மகள் வீடியோவில் காட்டச் சொன்னபோது, ஓரளவு நிமிர்ந்து நின்ற ஒரே செடியை மட்டும் காட்டினேன். கையை மெதுவாகத் திருப்பி அதே செடியை மறுபக்கத்திலிருந்தும் காட்டினேன். அவள் சந்தோஷப்பட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் அந்தச் செடியும் சாய்ந்தது. மதியம் போன் வந்தது. "செடி எப்படிங்கப்பா?" என்றாள். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எல்லாம் போகுது கண்ணு. நாந்தான் கெடுத்துப்போட்டேன்" என்று வந்துவிட்டது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. தொட்டியைத் தூக்கி அடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். ஈரமாக, ஜில்லென்று இருந்தது. மண் எவ்வளவு டிகிரி என்று கேட்டாள். கைக்கு அகப்பட்ட காய்ச்சல் தெர்மாமீட்டரை மண்ணில் செருகிப் பார்த்து, "'லோ'ன்னு காட்டுது கண்ணு" என்றேன்.  அவள் சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் என்னோடு பேசும்போது அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. முட்டாள்தனத்துக்கு இவ்வளவு பலன் உண்டு என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே செய்திருப்பேன்.

மேலே தொங்கும் வெப்பமானியைத் தரையில் வைக்கச் சொன்னாள். இருபத்தாறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பத்தொன்பதில் நின்றது. "தரைதாம்ப்பா குளிர்ச்சியை ஏத்துது. நான் சித்திரையில போட்ட டென்ட்டு, இதை யோசிக்கலை. வேரு வெறைச்சுப் போனா தண்ணியை இழுக்காது. நீங்க ஊத்தினதெல்லாம் அப்படியே நின்னு வேரை அழுகடிக்குது." அறை வாசலில் மனைவி செருப்போடு நின்றிருந்தாள்.  வாயைத் திறந்து திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

முதலில் நான் சாக்கை நான்காக மடித்துப் போட்டேன். வடிகிற தண்ணீரை அது குடித்துக்கொண்டு தரையைவிட மோசமாகிவிட்டது. பிறகு மகள் சொன்னபடி செய்தோம். பரணில் டி.வி. பெட்டியோடு கிடந்த தெர்மாக்கோல் அடியில், அதன்மேல் அட்டை, அதன்மேல் மரப்பலகை. பலகையின் மேல் பால் பாக்கெட் வைக்கும் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துத் தொட்டிகளை ஏற்றினோம், அடியில் காற்று இருக்கட்டும் என்று. தண்ணீர் ஜில்லிடாமல் இருக்கக் கேனும் கூடாரத்துக்குள்ளேயே போனது. பத்து நாளைக்குச் சொம்பைத் தொடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. மனைவி தெர்மாக்கோலைப் பிடிக்க, நான் வெட்ட, சுவரில் சாய்த்துவைத்த போனிலிருந்து மகள் "இன்னும் உள்ள தள்ளுங்க, இன்னும்" என்று வேலை வாங்கினாள். இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவளுக்கு அங்கேயே வேலை கிடைத்து, கூடாரமும் மடிந்து பரணுக்குப் போய்விட்டது. அந்த அறைக்குள் போகும்போதெல்லாம், மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்த அந்த மத்தியானம் திரும்பக் கிடைக்காதா என்று ஏங்குகிறேன்.

அந்த மார்கழியில் இரண்டு செடிகள் போய்விட்டன. நான்கு பிழைத்தன. பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு செடியில் புதுத்துளிர் கண்டதும், அவள் கூப்பிடும்வரை பொறுக்காமல் நானே வீடியோவில் கூப்பிட்டேன். அவள் எதிர்பார்க்கவில்லை. போனைத் தூக்கியபோது அறை முழுதும் தெரிந்தது. மெத்தை தரையில் கிடந்தது. அதன்மேல் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காலுறை.

"கீழயா படுக்கறே?"

"கட்டில் இல்லைங்கப்பா. பரவால்ல, பழகிருச்சு."

"தரை ஜில்லுன்னு இருக்குமே சாமி. ஏன் சொல்லலை?"

கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "சொன்னா, 'நான் அப்பவே சொன்னேன்ல'ம்பீங்க" என்றாள்.

அடித்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மூன்று மாதமாகக் குளிரில் கிடந்தவள், அப்பன் ஜெயித்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்திருக்கிறாள். நான் வளர்த்த வீறாப்பு. "நானும்தான் இந்தத் தரை குளுருதுன்னு பத்து வருஷமா உங்கம்மாகிட்ட ஒத்துக்கலை" என்றேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மகள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாள். "நீ இல்லாம எனக்கு வீடே நல்லால்ல கண்ணு" என்றேன். புரட்டாசியிலேயே சொல்லியிருக்க வேண்டியது.

அதன்பிறகு அவள் வகுப்பு, அவள் சமைத்துத் தீய்த்த சாம்பார், ரயிலில் வழி தவறியது எல்லாம் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. போனை வைத்த பிறகுதான் உறைத்தது, செடியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.