தனியாகப் போனால் ஏறும்

அலுவலகத்தில் எல்லாரும் அவளை வீட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீடு வாங்க வருகிறவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கதவைத் திறந்து, அறை அறையாகக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவள் வேலை. எந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் இருமிவிட்டு வரும், எந்தப் படுக்கையறைச் சுவர் மழைக்கு ஊறும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பொய் சொல்ல மாட்டாள். ஆனால் ஊறும் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றபடி ஜன்னலைப் பற்றிப் பேசத் தெரியும்.

முதலில் அவர்களிடம் இருந்தது ஒரு பழைய டீசல் வேன். மாவு மில் மாதிரி சத்தம் போடும். இருக்கையின் உறை கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். ஏறுகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். முதலாளிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. வேனைத் தள்ளிவிட்டு, பளபளவென்று ஒரு சின்ன எஸ்யூவி வாங்கினார். நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. நிமிர்ந்த மூக்கும் கூரைமேல் கம்பியுமாக, தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பெரிய வண்டியின் கூடப் பிறந்த தம்பி போல இருந்தது. வண்டியைப் பார்த்தே பாதிப் பேர் வீடு வாங்கிவிடுவார்கள் என்று அலுவலகத்தில் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார்.

வீட்டக்காவுக்கும் வண்டியைப் பிடித்துத்தான் இருந்தது. சமதளத்தில் வழுக்கிக்கொண்டு ஓடியது. கதவு சாத்தினால் வெளிச்சத்தம் உள்ளே வரவில்லை. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து முதல்முறையாகத் தொண்டை கட்டாமல் வீடு திரும்பினாள்.

அப்புறம்தான் அந்த மலைச்சரிவு வீடுகள் வந்தன. ஊருக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போகும் சாலை சட்டென்று செங்குத்தாக எழும்பி, ஒரு வளைவு வளைந்து, பிறகு கொண்டை ஊசி மாதிரி இன்னொரு வளைவு வளைந்து மேலே போகும். அங்கே வரிசையாகக் கட்டியிருந்த வீடுகளை விற்கிற பொறுப்பை முதலாளி எடுத்துக்கொண்டார். காட்டுகிற பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

முதல் குடும்பம் அப்பா, அம்மா, வாட்டசாட்டமான இரண்டு மகன்கள். முதல் வளைவிலேயே வண்டி முக்க ஆரம்பித்தது. அவள் பேச்சை நிறுத்தாமல் ஏசியை அணைத்தாள். இரண்டாவது வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்க வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். குறைத்தாள். முதல் கியருக்கு மாற்றி ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினாள். எஞ்சின் கத்தியதே தவிர வண்டி அசையவில்லை. ஒரு நடுக்கம் நடுங்கி அப்படியே நின்றுவிட்டது. கிளட்ச் கருகும் நாற்றம் உள்ளே வந்தது. அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அந்த அப்பா தன்மையானவர். தாங்கள் வேண்டுமானால் இறங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நால்வரும் இறங்கியதுதான் தாமதம், வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு மேலே ஓடியது. அது ஓடிய ஓட்டத்தைப் பார்க்க அவளுக்கே எரிச்சலாக இருந்தது. வீட்டு வாசலில் சாவியோடு நின்று, அவர்கள் மூச்சு வாங்க ஏறி வருவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்த்தாள். அந்த அம்மாள் சமையலறையைப் பார்க்கவில்லை, அலமாரியைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தினமும் இதுல ஏறி இறங்கணுமா?" என்று கேட்டாள். அதோடு அந்த வியாபாரம் முடிந்தது.

முதலாளி பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சாவியை வாங்கி, நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

"எனக்கு ஏறுதேம்மா."

"நீங்க தனியாப் போனீங்க சார். அஞ்சு பேர் இருந்தா ஏறல."

அவர் வண்டியை மெக்கானிக்கிடம் அனுப்பினார். மெக்கானிக்கும் தனியாளாக மேலே போய்வந்தான். நாலு சிலிண்டரும் நன்றாக அடிக்கிறது, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தான். ஐந்து பேரை ஏற்றிப் பார்க்கவேண்டியதுதானே என்று அவள் கேட்டதற்கு, "ஏறாமலா அஞ்சு சீட்டு வச்சிருக்கான்?" என்று திருப்பிக் கேட்டான்.

அவள் கணவர் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிறவர். அளவு விஷயத்தில் கறாரான மனுஷன். வாழ்நாளில் ஸ்கூட்டர் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. ஆனாலும் சாப்பிட உட்கார்ந்ததும் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார். வளைவுக்கு முன்னாலேயே வேகம் எடுத்துக்கொண்டால் அந்த வேகத்திலேயே மேலே போய்விடலாமாம். அவளும் அதைச் செய்து பார்த்தாள். வளைவில் எதிரே ஒரு தண்ணீர் லாரி மொத்தச் சாலையையும் அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது. பிரேக்கை மிதித்த மிதியில் பின்சீட்டு ஆள் முன்சீட்டில் முகத்தை இடித்துக்கொண்டார். எடுத்த வேகமெல்லாம் போய், வண்டி மறுபடி அதே இடத்தில் நின்றது.

"ஏங்க, வண்டிக்கு இழுவை இல்ல. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் அன்று வீட்டில்.

"நீ சொல்றதுதான் இழுவையா இருக்கு. விட்டுத் தள்ளு," என்றார் அவர். சொன்னபிறகு தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது ஏன் சிரித்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

நாளாக ஆக அவள் ஆட்களை எடைபோட ஆரம்பித்தாள். அலுவலக மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டாலே தலை நிமிர்ந்துவிடும். ஒல்லியான தம்பதி ஏறி வந்தால் மனசு குளிர்ந்தது. போனில் விசாரிக்கிறவர்களிடம், எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டு, இரண்டு பேர் வந்தாலே போதும், பிறகு மற்றவர்கள் பார்க்கலாம் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்கிறார்கள்? வீடு என்றால் மாமியார் வருவாள், மச்சான் வருவான், விவரம் தெரிந்த சித்தப்பா ஒருவர் கட்டாயம் வருவார். விவரம் தெரிந்த சித்தப்பாக்கள் ஒல்லியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு போன நாள்தான் மோசமான நாள். மகன், மருமகள், மகள், கைத்தடியோடு அவர்களுடைய அப்பா. பெரியவரை முன்சீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். இரண்டாவது வளைவில் எஞ்சின் அணைந்தே போனது. மறுபடி உயிர் கொடுத்துக் கிளட்சை விடுவதற்குள் வண்டி பின்னோக்கி உருண்டது. கொஞ்ச தூரம்தான். ஆனால் பின்னால் ஒரு கார் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பின்சீட்டில் மகள் வீறிட்டாள். வீட்டக்கா பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து நிறுத்தினாள். காலை எடுத்தால் உருளும். அழுத்தினால் ஏறாது. இரண்டுக்கும் நடுவில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

மூன்று பேரும் இறங்கினார்கள். மகன் கதவை அறைந்து சாத்தினான். பெரியவரால் அந்தச் சரிவில் கால் ஊன்ற முடியாது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் இன்னும் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்: "என்னம்மா, வண்டிக்கும் என்னாட்டம் வயசாயிடுச்சா?"

"இல்லங்க ஐயா. புதுசு."

"அப்படியா?" என்றார் அவர். பாவம் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டார். வண்டிக்காகவா அவளுக்காகவா என்று தெரியவில்லை.

மகன் மேலே போய்ச் சேருமுன்பே முதலாளிக்குப் போன் போட்டுவிட்டான். ஓட்டத் தெரியாத ஆளை அனுப்பி எங்கள் உயிரோடு விளையாடுகிறீர்களா என்று கேட்டானாம். முதலாளி அதை அவளிடம் சொன்னபோது கோபப்படவில்லை. கொஞ்ச நாள் ஓட்டுநர் பள்ளிக்குப் போய் மலையில் ஓட்டப் பழகிக்கொள்கிறீர்களா என்று அக்கறையோடு கேட்டார். அந்த அக்கறைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் மன்றாடினாள். ஒரே ஒரு முறை, ஐந்து பேர் உட்கார்ந்து போய்ப் பார்ப்போம், அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன் என்றாள். முதலாளி ஒத்துக்கொண்டார். அவரோடு, கணக்கர், பத்திரப் பதிவு வேலை பார்ப்பவர், கனத்த சரீரமுள்ள காசாளர் என்று ஆளும் குறித்தாயிற்று. குறித்த நாளில் காசாளருக்குப் பல்வலி. பதிவு வேலை பார்ப்பவரை அவசரமாக எங்கோ கூப்பிட்டுவிட்டார்கள். மிஞ்சியது முதலாளியும், காற்றடித்தால் சாய்கிற அந்தக் கணக்கரும்தான். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவள் சொன்னாள். வந்தது வந்தோம், போய்ப் பார்த்துவிடுவோம் என்றார் முதலாளி.

கொண்டை ஊசி வளைவில் வண்டி நிற்கட்டும், நிற்கட்டும் என்று அவள் உள்ளூர வேண்டிக்கொண்டாள். தான் ஓட்டுகிற வண்டி நடுவழியில் நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வண்டி முனகியது, குலுங்கியது, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டது.

"ஏறிடுச்சே," என்றார் முதலாளி.

"இன்னும் ரெண்டு பேர் இருந்திருந்தா..."

"கொஞ்சம் மெதுவா ஏறும். அவ்வளவுதானே?"

"மெதுவா ஏறாது சார். நின்னுடும்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் காற்று எவ்வளவு நன்றாக இருக்கிறது என்றார். கணக்கர் ஆமாம் போட்டார்.

அடுத்த வாரமே மலைச்சரிவு வீடுகள் அவள் கையைவிட்டுப் போயின. ஊருக்குள் இருக்கும் அடுக்குமாடிகளை அவளிடம் கொடுத்துவிட்டு, செல்போன் கடையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒருவனை மலைக்குப் போட்டார்கள். சிரித்த முகம், நல்ல வாய். அக்கா அக்கா என்று மரியாதையாகத்தான் பேசுவான். அவள் அவனிடம் அந்த வளைவைப் பற்றி எச்சரித்தாள். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

அவன் விற்றான். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று விற்றுக்கொண்டே போனான். பெரிய பெரிய குடும்பங்களாகக் கூட்டிக்கொண்டு போனான். வண்டியைப் பற்றி ஒரு புகார் இல்லை. தனக்குத்தான் உண்மையிலேயே ஓட்டத் தெரியவில்லையோ என்று வீட்டக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வண்டி மலைக்குப் போகாத நாட்களில் அதை அடுக்குமாடியின் சாய்தளத்தில் ஏற்றும்போதுகூடக் கால் தடுமாறியது. கடைசியில் வெட்கத்தைவிட்டு அவனிடமே கேட்டாள்.

"அதுவாக்கா? தண்ணித் தொட்டிகிட்டயே எல்லாரையும் இறக்கி விட்டுடுவேன். வாங்க, காத்தாட நடந்து போகலாம், இந்த இடத்தோட அருமையே நடந்தாத்தான் தெரியும்னு சொல்லுவேன். நடக்க முடியாதவங்கள மட்டும் வண்டியில கூட்டிட்டுப் போவேன்."

அவளுக்கு அவனைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தை, தன் பெயரில் ஒட்டிய கரியைத் துடைக்க ஒரே ஒரு வார்த்தை முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அறைக்குப் போய், தயங்கித் தயங்கிச் சொன்னாள்: அவன் போனாலும் அந்த வண்டியில் ஐந்து பேர் ஏறுவதில்லை, நடக்கத்தான் வைக்கிறான்.

"தெரியும்மா. அவனே சொன்னானே."

"அப்ப... நான் சொன்னதுதானே சார் இது?"

முதலாளி நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தார். "நீங்க வண்டி இழுக்கலன்னு சொன்னீங்க. அவன் நடக்கவிட்டா வீடு விக்குதுன்னு சொன்னான். ரெண்டும் ஒண்ணாம்மா?"

ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அவளைக் குத்திக்காட்ட வேண்டும் என்றும் அவர் நினைக்கவில்லை. கள்ளம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மலைச்சரிவு வீடுகள் கடைசி வீடுவரை விற்றுத் தீர்ந்தன. வியாபாரம் பெருகியதில் இன்னொரு வண்டி வேண்டும் என்றாயிற்று. முதலாளி அதே வண்டியில் இன்னொன்று, நிறம் மட்டும் வேறாக வாங்கினார். கூடவே மலையின் அந்தப் பக்கத்திலும் வீடுகள் எழும்புவதாகவும், அந்தப் பக்கத்துச் சாலை இன்னும் கொஞ்சம் செங்குத்து என்றும் சொன்னார். இவ்வளவு நாள் பட்ட சிரமத்துக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று புது வண்டியின் சாவியை அவள் கையிலேயே கொடுத்தார்.

"புதுசும்மா. நல்லா இழுக்கும்," என்றார்.

வீட்டக்கா சாவியை வாங்கிக்கொண்டாள். கீழே, கதவு திறக்கக் காத்து, ஒரு குடும்பம் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. அவள் எண்ணிப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.