கதவுக்கு வெளியே நின்றவர்

ஐப்பசியில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். என் அண்ணன் அப்போதுதான் கார் வாங்கியிருந்தார். அவர் ஓட்டினார், பக்கத்தில் என் கணவர், பின்னால் நான். புதுச்சத்திரம் தாண்டியதும் டயர் பஞ்சர். நல்ல மழை. அண்ணன் இறங்கவில்லை. என் கணவர்தான் நனைந்துகொண்டே ஸ்டெப்னி மாற்றினார்.

முடித்துவிட்டு வந்து கதவை இழுத்தார். திறக்கவில்லை. அண்ணன் உள்ளிருந்து லாக் போட்டிருந்தார்.

"மச்சான், கொஞ்ச நேரம் வெளியவே நில்லுங்க. சீட்டு கவர்கூட இன்னும் பிரிக்கல. மழ வுட்டதும் தொடச்சிட்டு ஏறுங்க" என்று கண்ணாடி வழியாகக் கத்தினார்.

"அண்ணா, இடி இடிக்குது. தொறண்ணா!"

"மழையில நின்னா கரைஞ்சா பூடுவாரு?"

என் பக்கத்துக் கதவை இழுத்தேன். குழந்தைகளுக்காகப் போட்டிருந்த பூட்டு, உள்ளிருந்து திறக்க முடியாது. என் கணவர் பரவாயில்லை என்று தலையசைத்துவிட்டு, காரின் மேற்கூரையில் கையை ஊன்றி நின்றார்.

வெள்ளையாக ஒரு வெளிச்சம். காது அடைத்துவிட்டது. ரப்பர் கருகும் நாற்றம். எங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உடம்பில் ஒரு சுருக்குகூட இல்லை. அவர் மட்டும் கண்ணாடியில் தெரியவில்லை.

"கதவத் தொறண்ணா!"

"இப்ப எறங்குனா நமக்கும் வுழும். பேசாம உக்காரு."

இரண்டு சீட்டுக்கும் நடுவில் புகுந்து, முன்கதவைத் திறந்துகொண்டு குதித்தேன். சேற்றில் மல்லாந்து கிடந்தார். உள்ளங்கை கருகியிருந்தது. மார்பில் காதை வைத்துக் கேட்டேன். என் காதில் இரைச்சலைத் தவிர வேறெதுவும் இல்லை.

பின்னால் வந்த வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். காரில் விழும் மின்னல் வெளித்தகடு வழியாகவே தரைக்கு இறங்கிவிடுமாம். உள்ளே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வெளியே நின்று காரைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆள் வழியாகத்தான் பாயும்.

"அவரும் உள்ள ஒக்காந்திருந்தா பொழைச்சிருப்பாரும்மா."

அண்ணனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சாவுக்கு வந்தவர்களிடம் அண்ணன் அழுதுகொண்டே சொன்னார்: "ஏறுங்க மச்சான், ஏறுங்கன்னு எவ்ளோ கெஞ்சினேன். சீட்டு அழுக்காயிடும்னு அவுருதான் மாட்டேன்னுட்டாரு."

நான் எழுந்து நின்று, "லாக் போட்டது நீதான்" என்றேன்.

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். "பாவம், புத்தி பேதலிச்சிப் போச்சு" என்று யாரோ என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அம்மா என் காதருகில் குனிந்து, "இனிமே ஒனக்கு அவன வுட்டா யாரு இருக்கா? வாய மூடிக்கினு இரு" என்றாள்.

மூடிக்கொண்டேன். இப்போது அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். வானம் இருட்டினால் கீழேயிருந்து அண்ணி குரல் கொடுப்பாள், மொட்டை மாடியில் காயும் துணிகளை எடுத்து வரச் சொல்லி. போய் எடுத்து வருகிறேன்.