பிளக்கில் வைத்த பொட்டு

இரண்டு வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. போத்தனூர் போகும் சாலையில் எனக்கு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்கிறது. கணவர் லேத் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார், கடை என் பொறுப்பு. ஸ்பார்க் பிளக் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வண்டியின் பேரைக்கூடச் சொல்ல வேண்டாம், அது எப்படி இருமுகிறது என்று சொன்னால் போதும், சரியான பிளக்கை எடுத்து வைத்துவிடுவேன்.

அப்படித்தான் பூஜைக்கு முன்பு சிறுமுகைப் பக்கமிருந்து வந்த ஒருவருக்கும் எடுத்துக் கொடுத்திருந்தேன். நாற்பது வயது மதிக்கலாம், பவானி ஆற்றங்கரைக்காரர். தண்ணீரில் பைக் மாதிரி உட்கார்ந்து ஓட்டுவார்களே வாட்டர் ஸ்கூட்டர், அதில் ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருந்தார். அதன் எஞ்சினில் சூப்பர்சார்ஜர் உண்டு. காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் சாதனம் அது. காற்று கூடினால் பலம் கூடும், கூடவே சூடும் கூடும். சாதாரண பிளக்கைப் போட்டால் நுனி பழுத்து பிஸ்டனையே உருக்கிவிடும். அதனால் சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்துகிற பிளக்காகத் தேடி இரண்டு செட் வரவழைத்தேன். நெருக்கிய காற்றில் பொறி தாண்டுவது கஷ்டம் என்பதால் நுனியில் இருக்கும் இடைவெளியையும் குறைத்து, ஒரு செட்டை, மூன்று பிளக்குகளை, அவரிடம் கொடுத்தனுப்பினேன். கச்சிதமாகத் தேர்ந்தெடுத்தோம் என்று அன்று இரவு கணவரிடம் பெருமையடித்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

அந்த மனிதர் ஒரு முற்பகலில் ஈரச் சட்டையோடு கடைக்குள் நுழைந்தார். கையில் துண்டில் சுற்றிய மூன்று பிளக்குகள்.

"ஏனுங்க்கா, பிளக்கு மாறிப்போச்சுங்களா? மெதுவாப் போனா ஒண்ணும் இல்லீங்க. முறுக்குனா அடைச்சு நின்னுபோடுது" என்றார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டதில் ஆறு ஏறியிருக்கிறது. அக்கரை வாழைத் தோட்டத்தில் ஒரு ஆணும் பெண்ணும் மோட்டார் ரூம் கூரைமேல் ஏறி நிற்கிறார்கள். பரிசல் போக முடியாத இழுப்பு. மீட்புக் குழு புறப்பட்டுவிட்டது, ஆனால் வழியில் பாலம் மூழ்கியதால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இவர் காலையில் வாட்டர் ஸ்கூட்டரில் போயிருக்கிறார். நடு ஆற்றில் முறுக்கியதும் எஞ்சின் திணறி, ஆறு இவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நாணல் புதரைப் பிடித்துத்தான் ஸ்கூட்டரோடு கரை ஏறினாராம்.

பிளக்கைத் தேர்ந்தெடுத்தது நான் அல்லவா?

மூன்றின் நுனியையும் வெளிச்சத்தில் பார்த்தேன். தேர்வு தப்பாக இருந்தால் நுனியே சொல்லிவிடும். சூடு பற்றாவிட்டால் கரி பிடிக்கும், மிஞ்சினால் வெளுத்துப் பொரிந்திருக்கும். இவை மூன்றும் நல்ல இளம்பழுப்பு. "பிளக்கு மேல தப்பு இல்லீங்க தம்பி, பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்" என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "ஒருக்கா மெஷின்ல போட்டுப் பாருங்க்கா" என்று மட்டும் அவர் கேட்டார்.

கடை மூலையில் பிளக் சோதிக்கும் மெஷின் இருக்கிறது. பிளக்கின் நுனி ஒரு சின்ன அறைக்குள் இருக்கும், பீங்கான் பகுதி வெளியே நிற்கும். அறைக்குள் காற்றை ஏற்றிக்கொண்டே போனால், எஞ்சினுக்குள் நடப்பது கண்ணாடி வழியாகத் தெரியும். போட்டேன். காற்று குறைவாக இருந்தபோது பொறி நுனியில் பளிச்சென்று விழுந்தது. காற்றை ஏற்றினேன். அழுத்தம் காட்டும் முள் ஏற ஏற, உள்ளே பொறி விட்டுவிட்டு விழுந்து, பிறகு நின்றேபோனது. அதே சமயம் வெளியே, வெள்ளைப் பீங்கான்மேல், ஊதா நிறத்தில் ஏதோ ஓடியது.

விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பீங்கானில் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. அந்தப் பொட்டின் வழியாகத்தான் மின்சாரம் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டிருந்தது. மயிரிழை மாதிரி ஒரு ஊதாக் கோடு. உள்ளே நெருக்கமான காற்றைத் தாண்ட முடியாமல், வெளியே சுலபமான வழியைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஆற்று ஈரத்தில் ஊறிய பொட்டு கருகிக் கருகி அதற்குப் பாதையே போட்டுக் கொடுத்திருந்தது. அவ்வளவு பதற்றத்திலும் சொல்கிறேன், அது அழகாக இருந்தது. நான் வாய் பிளந்து நின்றேன்.

வேடிக்கை என்னவென்றால், பிளக்கைக் கையில் வாங்கியபோதே அந்தப் பொட்டு என் கண்ணில் பட்டுத்தான் இருந்தது. என் கடையில் அந்த வாரம் கல்லாப்பெட்டி, ஃபேன் சுவிட்ச், கம்ப்யூட்டர் மவுஸ் வரை பொட்டு. அந்த மெஷினுக்கும் மூன்று பொட்டு. இல்லாமல் இருந்திருந்தால்தான் ஏன் என்று கேட்டிருப்பேன்.

"எஞ்சினுக்கு உசுரே இதுதானுங்களே, அதான் கழட்டி வெச்சு சாமி கும்புட்டனுங்க" என்றார் அவர், மெல்லிய குரலில்.

அதே நம்பரில் மீதியிருந்த செட்டை எடுத்து, என் கையைத் துடைத்துக்கொண்டு, பீங்கானைத் தொடாமல் இடைவெளியைச் சரிசெய்தேன். அவர் பழைய பிளக்கில் மீந்திருந்த குங்குமத்தை விரலால் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். கடையில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அவர் வண்டியிலேயே ஏறிவிட்டேன்.

மேட்டுப்பாளையம் சாலையில் போகும்போது கேட்டேன், அந்த இரண்டு பேரும் அவருக்குச் சொந்தமா என்று.

"யாருன்னே தெரியாதுங்க்கா. கூலிக்கு வந்தவங்களாட்ட இருக்குது" என்றார்.

பவானியைப் பாலத்தின் மேலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்று பார்த்தது வேறு ஆறு. செம்மண் நிறத்தில், முழு வாழை மரங்களைக் குலையோடு சுமந்துகொண்டு போனது. அக்கரையில் கூரைமேல் இரண்டு உருவங்கள் அப்போதும் தெரிந்தன. பிளக்கின்மேல் மாட்டும் ரப்பர் மூடிகளுக்குள்ளும் கரி இருந்தது. வழித்துத் துடைத்தோம். புதிய பிளக்குகளை மாட்டிக்கொண்டு அவர் இறங்கினார்.

நடு ஆற்றுக்குப் போனதும், காலையில் அந்த இடத்தில்தான் நின்றுபோனது என்று கரையில் என் பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். ஆற்றில் இருந்தவர் முறுக்கினார். எஞ்சின் சத்தம் ஏறியது. அந்தச் சத்தம் எங்கே உடையுமோ என்று முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன். உடையவில்லை. ஒரே சீராக ஏறி, ஆற்றின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. அத்தனை தண்ணீரை எதிர்த்து ஒரு மனிதன் போகிறான், அவனுக்குக் கீழே என் விரல் நீளத்துக்கு மூன்று பிளக்குகள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முதலில் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தார். மறுபடி போய் அவள் கணவனை ஏற்றியபோது தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டது. அவனும் பத்திரமாக வந்து சேர்ந்தான்.

அந்தப் பெண் மடியில் ஒரு கோழியைக் கட்டி வைத்திருந்தாள். நடுங்கிக்கொண்டே என் கையைப் பிடித்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

"பிளக்குக் கடைங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

கடையில் இப்போது ஆயுத பூஜைக்குப் பிளக்கின்மேல் பொட்டு கிடையாது, அதன் டப்பாவுக்கு மட்டும்தான். ஆனால் எந்த பிளக்கைக் கொடுத்தாலும், கையைத் துடைத்துக்கொண்டு, பீங்கானைத் தொடாமல், டப்பாவோடு ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கொடுக்கிறேன், அது யாரைக் கரை சேர்க்கப் போகிறது என்று கொடுக்கிற எனக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது.