நேராகக் கிடந்த பலகை

என் தம்பி வாஷ்பேசின் சுடுகிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகச் சூளைக்குள் போகிற வண்டியில் பேசின் அடுக்குகிறான். வண்டியில் நான்கு தூண், தூண்மேல் சுட்ட மண் பலகை. பலகைக்குக் கீழே ஒரு அடுக்கு பேசின், மேலே ஒரு அடுக்கு. பலகையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், அத்தனை கனம்.

சுட்ட மண் வளையுமா என்பார்கள். வளையும். நெருப்புக்குள் பாரத்தோடு கிடந்தால் ஒவ்வொரு சூட்டிலும் மயிரிழை தொய்யும். தொய்ந்ததை எறிய மாட்டார்கள், குப்புறப் புரட்டிப் போடுவார்கள். அடுத்தடுத்த சூட்டில் பாரமே அதை நேராக்கிவிடும். குறுக்கே நூல் பிடித்துப் பார்த்து, நூல் ஒட்டினால் பலகை நல்லது. அங்கே அதுதான் சட்டம்.

ஆள் குறைந்தபோது சுட்ட பேசினை இறக்குகிற வேலைக்குப் பெண்டாட்டியை அவனே சேர்த்துவிட்டான். குள்ளமானவள். பலகையை இறக்கச் சோம்பல்பட்டு, அதன் கீழேயே அவளை நுழைந்து எடுக்கச் சொல்வார்கள். “உன்னை அளவெடுத்துத்தான் கட்டியிருக்கான்” என்று நாத்தனார் முறையில் நானும் கேலி செய்திருக்கிறேன்.

ஒருநாள் காலை, ஆறிய வண்டியில் தம்பி விரல் முட்டியால் பலகையைத் தட்டினான். நல்ல பலகை மணிபோலப் பேசும். இது ஈர மரம்போல மொத்தென்றது. நூல் பிடித்தான், நேராகத்தான் இருந்தது. எத்தனை தடவை புரட்டியது என்று யாருக்கும் தெரியாது. புரட்டிய கை மட்டும் அவனுடையது.

அவள் அதன்கீழ் இடுப்புவரை நுழைந்திருந்தாள்.

“வெளிய வா.”

“ரெண்டுதான் பாக்கி, எடுத்துட்டு வர்றேன்.”

“வாடின்னா வா.”

அந்தக் குரலில் அவன் அவளிடம் பேசியதே இல்லை. முகம் சுருங்கி வெளியே வந்தாள். மேஸ்திரி நூலைக் காட்டிச் சிரித்தார். “நூல் பொய் சொல்லுமா? வீட்டுச் சண்டைய வீட்டுலயே வெச்சுக்கப்பா.”

தம்பி சுத்தியலால் ஒன்று வைத்தான், ஓங்கிக்கூட அடிக்கவில்லை. பலகை இரண்டாகி, கீழே இருந்த பேசின் இரண்டையும் நொறுக்கிக்கொண்டு விழுந்தது. உடைந்த வாயெல்லாம் எறும்பு அரித்ததுபோலப் பொடிப்பொடி ஓட்டை.

மேஸ்திரி சிரிப்பை நிறுத்தினார். சுத்தியலையும் வாங்கி வைத்துக்கொண்டார். புதுப் பலகைக்கு முதலாளியிடம் சொல்கிறேன், அதுவரை இருப்பதைப் புரட்டிப் போட்டு ஓட்டு என்றார்.

இப்போது கீழடுக்குக்கு அவளை விடுவதில்லை. நெட்டையனான தம்பி மடங்கி மடங்கி தானே நுழைகிறான். வேலையை விடுடா என்று சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கினால்தானே. அவள் வெளியே நின்று ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் கேட்கிறாள்.

நேற்று என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: “எல்லாமே அதே மொத்துச் சத்தம்தான் போடுது, அண்ணி.”